புகைப்பழக்கத்தை விடுகிறவரைச் சோதனை போடாதீர்கள்

வீட்டில் ஒருவர் வெண்சுருட்டை (சிகரெட்டை) விட முடிவெடுத்தால், மறுநாளே நாம் அவருக்குக் காவல்காரர்களாகிவிடுகிறோம். சட்டைப்பையைத் துழாவுவதும், வாயை முகர்ந்து பார்ப்பதும், "இன்றைக்கு எத்தனை?" என்று கேட்பதும் அக்கறையால்தான் என்றாலும், அவை ஒளிந்து புகைக்கத்தான் ஒருவரைப் பழக்கும் என்பது என் உறுதியான கருத்து.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை லோரி ஓட்டும் என் கணவர், தோட்டத்தில் இளவயதிலேயே பழகிய வெண்சுருட்டை இவ்வாண்டு விட்டிருக்கிறார். புகையிலையில் உள்ள நிக்கோட்டின் நின்றதும் உடலில் எழும் தவிப்பு முதல் இரண்டு மூன்று நாள்களில் உச்சத்துக்குப் போய், பிறகு சில வாரங்களில் தணியும். அதுவரை எரிச்சலும் தூக்கமின்மையும் அடங்காத பசியும் இருக்கும். சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது என்று அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தபோது, அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருந்ததால் நான் பதில் பேசவில்லை. பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். (கைநீட்டுவதை மட்டும் யாரும் நிக்கோட்டின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.)

மன உறுதி ஒன்றே போதும் என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் இதற்கென்றே ஆலோசனையும் மருந்தும் கிடைக்கின்றன, கூடவே போங்கள். அவற்றில் ஒன்றான நிக்கோட்டின் பசையை (மெல்லும் சுவிங்கம்) மிட்டாய்போல் விடாமல் மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். கோப்பி குடித்து 15 நிமிடங்களாவது கழிந்த பிறகே அதை வாயில் போட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து சரியாக ஏறாது. விடியற்காலையில் கோப்பியும் வெண்சுருட்டுமாகவே பழகியவர் என்பதால், எழுந்ததும் பசை, பசியாறும்போது கோப்பி என்று எங்கள் வீட்டு வழக்கத்தையே மாற்றிக்கொண்டோம்.

உணவுக் கடைகளில் புகைக்க 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பதால் அங்கே ஆசை தூண்டப்படுவது குறைவு. சாவு வீட்டுக் கூடாரத்தில், நள்ளிரவில், "ஒன்னுதானே மச்சான்" என்று பெட்டியை நீட்டும் நண்பர்களிடம்தான் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: நீட்டாதீர்கள். அப்படி ஓர் இரவில் அவர் ஒன்றைப் பற்றவைத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அவராகவே சொன்னார். குடைந்து குடைந்து கேட்கும் வீடாக இருந்திருந்தால் அதை அவர் மறைத்திருப்பார், மறைத்தது இன்னொன்றுக்கும் இடம் கொடுத்திருக்கும். பலரும் சில முறை முயன்ற பிறகே இதை முழுமையாக விடுகிறார்கள் என்பதால், அந்த ஒன்றைத் தோல்வியாக நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. யார் கொடுத்தார், எந்த நேரத்தில் ஆசை வந்தது என்று மட்டும் பேசினோம். மறுநாள் காலை வழக்கம்போல் பசையை எடுத்துக்கொண்டார். இனித் துக்க வீடுகளுக்குப் பகலிலேயே சேர்ந்து போய்வருவது என்றும் முடிவு செய்தோம்.