அயோடின் உப்பு கதிர்வீச்சைத் தடுக்குமா?

அண்ணன் பகிர்ந்திருக்கும் வாட்ஸ்அப் செய்தி சொல்வது இதுதான்: கேப் டவுன் அருகே உள்ள கூபெர்க் அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தால், அயோடின் உப்பைக் கூடுதலாகச் சாப்பிட்டால் போதும், கதிர்வீச்சு ஒன்றும் செய்யாது. கேப் டவுனில் பிள்ளைகள் இருக்கும் டர்பன் குடும்பங்கள் அக்கறையில்தான் இதை அனுப்புகிறார்கள், புரிகிறது. ஆனால் செய்தி சரியல்ல.

இது உப்பையும் பொட்டாசியம் அயோடைடு மாத்திரையையும் ஒன்றென நினைத்ததால் வந்த குழப்பம். அந்த மாத்திரை கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியைச் சாதாரண அயோடினால் நிரப்பிவிடும். பிறகு விபத்தில் வெளியாகி வரும் கதிரியக்க அயோடினுக்கு அங்கே இடம் இருக்காது. அதுவும் தைராய்டுக்கு மட்டும்தான். சீசியம் போன்ற மற்ற கதிரியக்கப் பொருள்களை அது தடுக்காது. அதிகாரிகள் சொல்லும்போது மட்டுமே போட வேண்டும்.

சரி, உப்புக்கு வருவோம். நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரியவர்களுக்கான மாத்திரை 130 மில்லிகிராம். அதில் அயோடின் ஏறக்குறைய 100 மில்லிகிராம். நம் தென்னாப்பிரிக்க விதிப்படி ஒரு கிலோ சமையல் உப்பில் இருப்பது 35 முதல் 65 மில்லிகிராம் அயோடின். ஒரு மாத்திரைக்கு ஈடாகக் குறைந்தது ஒன்றரை கிலோ உப்பை விழுங்க வேண்டும்! ரத்தக்கொதிப்பு இல்லாத வீடே அரிது, இதில் இது வேறா?

2011இல் புகுஷிமா விபத்துக்குப் பிறகு சீனாவிலும் இதே வதந்தியால் கடைகளில் உப்பு தீர்ந்துபோனது. உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில் கதிர்வீச்சு அவசரநிலை பற்றிய கேள்வி-பதில் பகுதியைத் திறந்தால், மாத்திரைக்குப் பதில் உப்பு கூடாது என்று இருப்பதைப் பார்க்கலாம்.