பூசாரி கேட்ட கேள்வி

கடவுள் உண்டா இல்லையா என்று இங்கே அடித்துக்கொள்ளும் பதிவுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோட்டாவின் நினைவு வரும். ராஜஸ்தான் ஊர் இல்லை. பழைய ரோமில் அரசு குருமார் குழுவில் இருந்த காயஸ் அவுரேலியஸ் கோட்டா.

கி.மு. 45-இல் மகள் துல்லியாவைப் பறிகொடுத்த ரோமானியப் பேச்சாளரும் எழுத்தாளருமான சிசரோ, எழுத்திலேயே மூழ்கிக் கிடந்தார். அப்போது எழுதியதுதான் ‘கடவுளரின் இயல்பு பற்றி’. திருவிழா விடுமுறையில் கோட்டாவின் வீட்டில் மூன்று பேர் வாதாடுகிறார்கள். கதை நடப்பது பல வருடங்களுக்கு முன்பு என்பதால், அதில் இளைஞராக வரும் சிசரோ உட்கார்ந்து கேட்கிறார்.

வெல்லேயஸ், கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸின் ஆள். தேவர்கள் உண்டு, ஆனால் நம்மைப் பற்றி அவர்களுக்குக் கவலையே கிடையாது என்கிறார். அவர்களுக்கு இருப்பது உடல் இல்லையாம், உடல் மாதிரி ஒன்று. ரத்தம் இல்லையாம், ரத்தம் மாதிரி ஒன்று! கோட்டா இதைக் கிண்டலடிக்கும் இடத்தில் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

உலகைத் தெய்வ அறிவுதான் நடத்துகிறது என்னும் ஸ்டோயிக் தத்துவப் பள்ளிக்காரர் பால்பஸ் லேசுப்பட்டவர் இல்லை. கோள்களின் ஓட்டத்தைக் காட்டும் பொறியைப் பார்த்தால் ‘எவனோ அறிவாளி செய்தது’ என்கிறீர்களே, நிஜ வானத்தைப் பார்த்து ஏன் அப்படிச் சொல்வதில்லை என்று கேட்கிறார். கோட்டா அதற்கும் மசியவில்லை. தேவர்களின் கருணை பற்றிய பேச்சில், நாத்திகர் என்று பேர்வாங்கிய கிரேக்கர் டியாகோரஸின் கதையை எடுத்துவிடுகிறார். சாமோத்ராக்கி தீவில், புயலில் தப்பியவர்கள் நேர்ந்துகொண்டு வைத்த படங்களை, தேவர்கள் நம்மைக் கவனிக்கிறார்கள் என்பதற்குச் சான்றாக நண்பர் அவருக்குக் காட்டினாராம். “முழுகிப்போனவர்கள் படம் எங்கேயும் இல்லையே” என்றாராம் டியாகோரஸ்.

சரி, அப்படியானால் கோட்டா நாத்திகரா? அதுதான் இல்லை. சடங்குகளைக் கடைசிவரை காப்பேன், முன்னோர் சொன்னதைக் காரணம் கேட்காமலே நம்புவேன் என்கிறார். ஆனால் பால்பஸ், நீ தத்துவம் பேச வந்தவன். நீ காரணம் காட்டித்தான் ஆகவேண்டும் என்பது அவர் கட்சி.

இரட்டை வேடம் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. சாமி கும்பிடுகிறவன் என்பதற்காக ஓட்டை வாதத்துக்கெல்லாம் தலையாட்ட வேண்டுமா என்ன? ‘விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை எங்கள் குடும்பக் குழுவில் கேள்வி கேட்டேன். நாத்திகன் பட்டம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவனுக்கு!

முடிவில் எபிகூரியரான வெல்லேயஸ் கோட்டா பக்கம் சாய்கிறார். எதையும் உறுதி என்று ஏற்காமல் கேள்வி கேட்கும் கோட்டாவின் அகாடமி தத்துவ மரபிலேயே வந்த சிசரோவோ, பால்பஸ் சொன்னதுதான் உண்மைக்குச் சற்று நெருக்கம் என்று எழுதி முடிக்கிறார். அதற்குச் சற்றுமுன், பேசி ஓய்ந்த கோட்டா பால்பஸிடம் சொல்கிறார்: நீ என்னை மறுத்துப் பேசவேண்டும் என்பதுதான் என் ஆசை, உன்னால் சுலபமாக முடியும் என்றும் தெரியும்.