வலி மாத்திரை எல்லாமே சாப்பிட்ட பிறகுதானா?

“வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடவே கூடாது.” இதை நம்பி, ஒரு பாராசிட்டமாலுக்காகக்கூடச் சாப்பாட்டு நேரம் வரும்வரை தலைவலியோடு உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். அந்தக் காத்திருப்புக்கு அவசியமே இல்லை.

பாராசிட்டமால் இரைப்பையில் மிகக் குறைவாகத்தான் உறிஞ்சப்படுகிறது. சிறுகுடலைத் தொட்ட பிறகுதான் வேகமாக ரத்தத்தில் ஏறும். ஆகவே இரைப்பை எவ்வளவு சீக்கிரம் காலியாகிறதோ அவ்வளவு சீக்கிரம் வலி குறையும். (இரைப்பை காலியாகும் வேகத்தை அளக்கவே ஆய்வுகளில் இந்த மருந்தைப் பயன்படுத்துகிறார்கள்.) வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கினால் சுமார் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்ச அளவுக்கு வந்துவிடும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் அந்த உச்சம் தள்ளிப்போகும், உயரமும் குறையும். உடம்பில் சேரும் மொத்த மருந்து மட்டும் ஏறக்குறைய மாறாது.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. “கேட்கவே இல்லையே” என்று ஒரு மணி நேரத்தில் இன்னொன்றைப் போடுகிறார்கள். முதல் மாத்திரை வீணாகவில்லை, தாமதமாகியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்து வரும். குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை எட்டு, உச்சவரம்பு. பல சளி மருந்துகளிலும் பாராசிட்டமால் இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள்.

இபுப்ரோஃபென் வேறு கதை. சாப்பாட்டோடு போட்டால் இதுவும் மெதுவாகத்தான் ஏறும். வயிறு எரியாமல் இருக்க உணவோ பாலோ உதவலாம், ஆனால் புண் வராமல் அது காக்கும் என்று நம்பாதீர்கள். இரைப்பைச் சுவரைப் பாதுகாக்கும் புராஸ்டாகிளாண்டின் சுரப்பை இந்த மருந்து ரத்தத்தின் வழியாகவே குறைத்துவிடுகிறது. அல்சர் இருந்தவர்கள், முதியவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

டைக்ளோஃபெனாக்கில் குடலில் கரையும் பூச்சு போட்ட மாத்திரை உண்டு. வயிற்றில் உணவு இருந்தால் அது கரையாமல் அங்கேயே மணிக்கணக்கில் தங்கிவிடும். உடனடி நிவாரணத்துக்கு அது ஏற்றதல்ல. அவசரப்பட்டு உடைத்தோ பொடித்தோ விழுங்கினால் பூச்சு போட்டதன் பயனே போய்விடும். அமில எதிர்ப்பு மருந்தோடு சேர்த்துப் போட்டாலும் பூச்சு இரைப்பையிலேயே கரையக்கூடும்.

ஒற்றைத் தலைவலியில் இரைப்பையே மந்தமாகிவிடுகிறது. வலி முற்றிய பிறகு போடும் மாத்திரை பலருக்குக் கேட்காததற்கு இது ஒரு காரணம். அதனால்தான் குமட்டலை அடக்கி இரைப்பையை இயக்கும் மருந்தையும் சேர்த்து எழுதித் தருகிறார்கள்.

ஒரு வேளை சாப்பிடாமல் இருப்பதும் நாள்கணக்கில் பட்டினி கிடப்பதும் ஒன்றல்ல. நீண்ட பட்டினியில் கல்லீரலின் குளுட்டாதையோன் இருப்பு குறைகிறது. பாராசிட்டமாலின் நச்சுக் கழிவை முறிப்பது அதுதான். உடல் மெலிந்தவர்களும் தினமும் மது குடிப்பவர்களும் 4 கிராம் வரை போகக்கூடாது, தங்களுக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கால் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இபுப்ரோஃபென் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அப்போது அதைத் தவிர்த்துவிடுங்கள்.