பில் போட போன் நம்பர் எதற்கு?

துணிக்கடை, மருந்துக்கடை, செருப்புக்கடை, எங்கே போனாலும் கல்லாவில் முதல் கேள்வி, "நம்பர் சொல்லுங்க." ரொக்கம் தருகிறேன், பொருளை வாங்கிக்கொள்கிறேன். இதில் என் எண் எதற்கு? தர மாட்டேன் என்றால், "சிஸ்டம் பில் போடாது சார்" என்கிறார்கள். அந்தப் பையன் மேல் கோபமில்லை, மேலிடத்து உத்தரவு. ஆனால் வரிசையில் நிற்பவர்கள் நம்மைத்தான் தகராறு செய்பவன் போலப் பார்க்கிறார்கள். அதுதான் அதிகம் வலிக்கிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். எண் தந்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்துவது முறையற்ற வணிகம் என 2023-இல் மத்திய நுகர்வோர் துறையும் சொல்லிவிட்டது. கடைகள் காதில் வாங்கவில்லை.

சந்தை என்றால் இரு தரப்பும் விரும்பிச் செய்யும் பரிமாற்றம். நம் எண்ணும், என்ன மாத்திரை வாங்கினோம் என்ற விவரமும் காசு பெறும் சரக்கு. அதைக் கட்டாயப்படுத்திப் பிடுங்குவதைத் தப்பு என்று சொல்லக்கூட நமக்குக் கூச்சமாகிவிட்டது. அப்புறம் மத்தியானத்தில் கடன் வேண்டுமா என்று போன் வரும். நம்பர் யார் கொடுத்தது என்று கேட்டால் பதில் கிடையாது. இனி நான் தருவதாக இல்லை. பில் போடாவிட்டால் பொருளை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.