நான்காவது பெண் லேன் இல்லை

நேற்று ஓர் இணையக் குழுவில், பழைய ஹாலிவுட் போட்டோ ஒன்றின் தலைப்பு தப்பு என்று எழுதினேன். "டீச்சர் வந்துட்டாங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று ஒருத்தர் பதில் போட, அதற்கு வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். சரி, சிரியுங்கள். ஆனால் 'லேன் சகோதரிகள் நால்வர்' என்று தலைப்புப் போட்ட அந்தப் போட்டோவில் நான்காவதாக நிற்பவர் லேன் இல்லை.

1938-இல் வந்த 'ஃபோர் டாட்டர்ஸ்' என்ற ஹாலிவுட் பட ஸ்டில் அது. லோலா, ரோஸ்மேரி, பிரிசில்லா மூவரும் கூடப்பிறந்த லேன் நடிகைகள். நான்காவது ஆள் கேல் பேஜ். ரேடியோவில் பாடியவர், நன்றாகவே நடித்திருக்கிறார், அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த இடத்துக்கு வார்னர் பிரதர்ஸ் லியோட்டாவைத்தான் முதலில் டெஸ்ட் எடுத்துப் பார்த்தது. சொந்த அக்கா! தங்கைகள் மூன்று பேர் சகோதரிகளாகவே நடிக்கிற படத்தில், கூடப்பிறந்தவள் சகோதரி வேடத்துக்குப் பொருந்தவில்லையாம்.

"படம் ஓடிச்சா இல்லையா, அதைப் பாருங்க." ஓடியது. ஆஸ்கருக்குப் போனது, அடுத்தடுத்த பாகங்கள் வந்தன. அதற்கும் நான் சொன்னதற்கும் என்ன சம்பந்தம்?

"லேன் என்பதே அவங்க நிஜப் பெயர் இல்லையே" என்று ஒரு தம்பி கேட்டார். இது கேள்வி. ஆமாம், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இண்டியனோலா என்ற சிற்றூரில் பல் டாக்டராக இருந்த முல்லிகனின் பெண்கள் அவர்கள். மொத்தம் ஐந்து பேர், மார்த்தா மட்டும் இந்தப் பக்கமே வரவில்லை. நியூயார்க்கில் மேடை நிகழ்ச்சிகள் நடத்திய கஸ் எட்வர்ட்ஸ் 'லேன்' என்று பெயரை மாற்றிவிட்டது யாருக்கு? லோலாவுக்கும் லியோட்டாவுக்கும். சின்னவர்கள் ரோஸ்மேரியும் பிரிசில்லாவும் ஃப்ரெட் வேரிங்கின் இசைக்குழுவில் பாடி, 1937-இல் சினிமாவுக்கு வந்தது அதற்குப் பிறகு. அந்தப் பெயரை முதலில் சுமந்த இரண்டு பேரில் ஒருத்தியைத்தான் தம்பி, நீங்கள் எல்லோரும் சேர்ந்து வெளியே நிறுத்துகிறீர்கள்.

"இதுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" சொல்கிறேன். எங்கள் வீட்டு ஹாலில் ஒரு போட்டோ உண்டு. கிணற்றடியில் மூன்று பெண்கள்: நான், சின்னக்கா, அப்புறம் எதிர்வீட்டுப் பெண். எடுத்தது பெரியக்கா. மாமாவின் கேமராவை வாங்கி, எங்களை நிற்க வைத்து, அந்தப் பெண்ணின் பின்னலை எடுத்து முன்னால் போட்டுவிட்டவள் அவள்தான். வருகிறவர்கள் எல்லாம் "மூணு பொண்ணும் அப்படியே அம்மாவை உரிச்சு வச்சிருக்கு" என்பார்கள். பெரியக்கா காபி டபராவைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை. நானும்தான் திருத்தியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதனால் நேற்று இரண்டே வரி எழுதினேன், மரியாதையாகத்தான். டீச்சராம். இருந்துவிட்டுப் போகிறேன். செத்துப்போன நடிகைக்கு வக்காலத்தா என்று இன்பாக்ஸில் வந்து கேட்டவருக்குப் பதில் இல்லை.

காலையில் பார்த்தேன், அட்மின் பெருந்தன்மையாகத் தலைப்பை மாற்றியிருக்கிறார்: 'லேன் சகோதரிகள் மற்றும் பலர்'. படத்தில் மிச்சம் இருப்பதே ஒருவர்தான் ஐயா. அந்தப் பலரிலும் லியோட்டா இல்லை.