சோகம் என்று யார் ஒட்டியது?

ஒரு பாட்டுச் செயலியில் ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ என்ற பழைய ஜாஸ் இசைத்தட்டை ‘சோகம், மெதுவான இசை’ என்ற பட்டியலில் போட்டு வைத்திருக்கிறார்கள். மெது என்பது சரி. சோகம் என்று யார் முடிவு பண்ணியது?

பதிவானது 1928 ஜூன் 28, சிகாகோவில். டிரம்பெட் வாசித்த லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கு அப்போது 26 வயது. மெட்டு அவருடைய குரு ஜோ ‘கிங்’ ஆலிவருடையது. வெஸ்ட் எண்ட் என்பது நியூ ஆர்லியன்ஸில், பாண்ட்சார்ட்ரெய்ன் ஏரிக்கரையில், ஜனங்கள் பொழுதுபோக்கப் போகிற இடம். அழுவதற்கு அங்கே யாரும் போனதாகத் தெரியவில்லை.

ஆரம்பத்தில் டிரம்பெட் மட்டும்தான். பக்கவாத்தியம் கிடையாது. நிறுத்தி நிதானமாக நான்கு சுரம், அப்புறம் ஒரே பாய்ச்சலில் உச்சிக்குப் போய், வளைந்து நெளிந்து இறங்குகிறது. பன்னிரண்டு பதின்மூன்று விநாடிதான். இந்த இடத்துக்கு டெம்போ, அதாவது தாள வேகம், என்ன என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. பிறகு மற்றவர்கள் சேர்ந்ததும் நடை நிதானப்படுகிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 85 பீட். நான்கு பீட் சேர்ந்தது ஒரு பார்; 12 பார் கொண்ட ஒரு சுற்றுக்கு 48 பீட், அதாவது 34 விநாடி. ஐந்து சுற்றுக்கு இரண்டு நிமிடம் 50 விநாடி. முன்னே அந்த டிரம்பெட், பின்னே ஒரு முடிவு, பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. இந்த வேகத்தில் ஆறாவது சுற்றுக்கு இடமே இல்லை.

சுருதி ஈ ஃபிளாட் மேஜர், நம் கணக்கில் இரண்டரைக் கட்டை. கவனியுங்கள், மேஜர்; சோகத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மைனர் அல்ல. இந்தச் சுருதியை எடுத்ததில் மர்மம் எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. டிரம்பெட்டும் கிளாரினெட்டும் பி ஃபிளாட் வாத்தியங்கள், அதாவது எழுதியதைவிட இரண்டு அரைச்சுரம் கீழே ஒலிப்பவை. வாசிக்கிறவருக்கு இது எஃப் ஸ்கேலாக வரும், விரலுக்குச் சுலபம்.

ஒரு நாள் கீபோர்டோடு உட்கார்ந்து கூடவே வாசிக்கப் பார்த்தேன். இணையத்தில் கிடைத்த ஒரு பிரதி இரண்டரையிலும் இல்லை, மூன்றிலும் இல்லை. காது கெட்டுப்போச்சோ என்று பயந்தே விட்டேன். அப்புறம்தான் உறைத்தது: பழைய தட்டுகளைப் பிரதி எடுக்கும்போது சுழலும் வேகம் சற்று பிசகினாலும் சுருதியும் டெம்போவும் சேர்ந்தே நகரும். அரைக் கட்டை ஏறினால் 85 பீட் 90 ஆகிவிடும். 3 நிமிடம் 18 விநாடி ஓடுகிற தட்டு 3:07க்கு வந்துவிடும். அந்தச் சொகுசான நடை போய், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி இருக்கும். இந்த லட்சணத்தில் செயலியில் டெம்போவைத் தசமப் புள்ளியோடு எழுதி, பக்கத்திலேயே ‘மனநிலை: சோகம்’ என்று ஒரு முத்திரை வேறு!

உள்ளே நடப்பதைக் கேளுங்கள். டிராம்போன் உருகும்போது பின்னால் தாளக்காரர் ஸட்டி சிங்கிள்டன் குதிரைக் குளம்பு மாதிரி ‘டக் டக்’ என்று போட்டுக்கொண்டிருக்கிறார். அதுக்கு எப்படி அழுவது? அடுத்து கிளாரினெட் ஒரு வரி சொல்ல, ஆம்ஸ்ட்ராங் வார்த்தையே இல்லாமல், தூங்கும் குழந்தை எழுந்துவிடக் கூடாது என்பது போலப் பதில் பாடுகிறார். ஏர்ல் ஹைன்ஸின் பியானோவோ தனி உலகம். இடது கை ஒழுங்காக நடக்க, வலது கை குறும்பு பண்ணும். கடைசிச் சுற்றில் டிரம்பெட் ஒரே சுரத்தைக் கிட்டத்தட்ட நான்கு பாருக்குப் பிடித்து நிற்கிறது. இந்த வேகத்தில் அது பத்து விநாடிக்கும் மேல். எனக்கு அங்கே வருவது அழுகையல்ல, மூச்சுமுட்டல்.

ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே சிறுமியாக இருந்தபோது இதே தட்டைக் கேட்டவர். சில நாள் இது தன்னை அழவைக்கும், சில நாள் ஒரேயடியாகச் சந்தோஷப்படுத்தும் என்று பின்னாளில் சொன்னார். செயலிக்காரர்கள் அவரை எந்தப் பட்டியலில் போடுவார்களோ!

ஹெட்போன் இருந்தால் இன்றைக்கு ஒரு தடவை கடைசிவரை கேளுங்கள். எல்லாரும் மெல்ல இறங்கி முடித்த பிறகு, ஸட்டி குறும்பாக ஒரு ‘டக்’ வைப்பார்.