ஸ்வால்பார்ட் கப்பல் பயணம்: விதிகள் இறுகியது நல்லதற்குத்தான்

ஆர்க்டிக்கில் உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளில் 2025 ஜனவரி 1 முதல் புது விதிகள் வந்ததிலிருந்து ஒரே முணுமுணுப்பு. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழையக் கூடாது. அந்தப் பகுதிகளில் கரையிறங்க மொத்தமே 43 இடங்கள்தான். பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை அது 500 மீட்டர். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ட்ரோன் கூடாது. கரையோடு ஒட்டி உறைந்திருக்கும் கடற்பனியைக் கப்பல் உடைத்துக்கொண்டு போகக் கூடாது. "இவ்வளவு காசு கொட்டிக் கொடுத்து, தூரத்தில் ஒரு மஞ்சள் புள்ளியைப் பார்த்துவிட்டு வரவா?" என்று கேட்கிறார்கள்.

எனக்கு இதில் நேர் எதிர்க் கருத்து. இந்த விதிகளால் பயணிக்கு இழப்பு சொற்பம், ஆதாயம் அதிகம். உண்மையில் அடி வாங்கியது பெரிய கப்பல் வைத்திருப்பவர்கள். அவர்களுடைய புலம்பலைத்தான் பல ஏஜென்டுகள் நம்மிடம் அப்படியே ஒப்பிக்கிறார்கள்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஸ்வால்பார்ட் நார்வேக்கும் வட துருவத்துக்கும் நடுவே, வடக்கு அட்சரேகை 74க்கும் 81க்கும் இடையில் கிடக்கும் தீவுக்கூட்டம். 1920இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஆளும் உரிமை நார்வேயுடையது. பெரிய தீவு ஸ்பிட்ஸ்பெர்கன். தலைநகர் மாதிரி இருக்கும் ஊர் லாங்யர்பியன், மக்கள்தொகை ஏறக்குறைய 2,500. கப்பல்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்பும். மொத்த நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தேசியப் பூங்காவாகவோ இயற்கைக் காப்பகமாகவோ அறிவிக்கப்பட்டது. அதனால் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நுழைய முடியாத கப்பலில் போனால் பயணத்தின் நல்ல பாதி போச்சு.

200 பேர் என்ற எண்ணிக்கை ஏன் முக்கியம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். கப்பலிலிருந்து கரைக்குப் போக ஸோடியாக் என்கிற ரப்பர் படகுதான் வழி. ஒரு படகில் 10 முதல் 12 பேர். 200 பேரை இறக்க 17 நடை. படகு எத்தனை இருந்தாலும் கப்பலின் பக்கவாட்டில் இறங்கும் படி ஒன்றோ இரண்டோதான். ஒரு படகு நிறைய நாலைந்து நிமிடம் ஆகும். லைஃப் ஜாக்கெட் பார்க்க வேண்டும், அட்டையைத் தேய்த்து ஆள் வெளியே போனதைப் பதிய வேண்டும், அலை படகைத் தூக்கும் கணத்துக்குக் காத்திருந்து ஒவ்வொருவராகக் கால் வைக்க வேண்டும். ஒரே படி என்றால் இறக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல், ஏற்ற இன்னொரு மணி நேரம். அதனால் பெரிய கப்பல்களில் ஆட்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேர் கரையில் நிற்க மீதிப் பாதியைப் படகில் சுற்றிக் காட்டுவார்கள், அப்புறம் மாற்றுவார்கள். நாலு மணி நேர நிறுத்தத்தில் ஆளுக்குக் கரையில் கிடைப்பது ஒரு மணி நேரம் சொச்சம். 100 பேர் கப்பலில் அதே நிறுத்தத்தில் இரண்டரை மணி நேரம் நடக்கலாம். 50 பேர் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே விளம்பரத்தில் காட்டும் பால்கனி அறை, நீராவிக் குளியல், கண்ணாடி மாடம் எதையும் பார்த்து மயங்காதீர்கள். பயணிகள் எத்தனை, ஸோடியாக் எத்தனை, வழிகாட்டிகள் எத்தனை, இந்த மூன்று எண்ணைக் கேளுங்கள். வழிகாட்டி ஒருவருக்கு 20 பயணிகளுக்கு மேல் வந்தால் வேறு கப்பல் பாருங்கள்.

இனி கரடி. "ஸ்வால்பார்டில் மனிதரைவிடக் கரடி அதிகம்" என்று எல்லா விளம்பரத்திலும் வரும். ஸ்வால்பார்டுக்குக் கிழக்கே விரியும் பாரன்ட்ஸ் கடல் முழுவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 3,000 கரடி. வருடம் முழுக்க ஸ்வால்பார்டிலேயே தங்குவது ஏறக்குறைய 300தான். மற்றவை கடற்பனியோடு வடக்கே, கிழக்கே போய்விடும். ஒரு வாரம் சுற்றினாலும் ஒரு கரடிகூடக் கண்ணில் படாமல் திரும்புபவர்கள் உண்டு. இதை முன்கூட்டியே சொல்லாத ஏஜென்ட் வியாபாரி, அவ்வளவுதான்.

300 மீட்டர் என்பது பார்க்க முடியாத தூரம் இல்லை. எட்டு மடங்கு பைனாகுலரில் அது 38 மீட்டர் போலத் தெரியும்; முகவாயில் ஒட்டிய ரத்தம்வரை தெரியும். 8x42 பைனாகுலர் ஆளுக்கொன்று வேண்டும், கணவன் மனைவிக்கு ஒன்று போதாது, கரடி நிற்கும் இரண்டு நிமிடத்தில் அதற்காகவே சண்டை வரும். கேமராவுக்கு 400 மில்லிமீட்டருக்குக் குறைந்த லென்ஸ் பயன்படாது. மொபைல் ஜூமை மறந்துவிடுங்கள்.

வசந்தத்தில் ஏன் 500 மீட்டர்? மார்ச், ஏப்ரலில் தாய்க்கரடி குட்டிகளோடு குகையை விட்டு வெளியே வரும். மாதக்கணக்கில் சாப்பிடாத உடம்பு. வளைய சீல்கள் பனிமேல் குட்டி போடும் இந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் கரடி வருடத்துக்கான கொழுப்பைச் சேர்க்கிறது. சீல் மூச்சுவிடும் துளை அருகே அது மணிக்கணக்கில் அசையாமல் காத்திருக்கும். ஒரு படகு நெருங்கினால் அந்த வேட்டை பாழ். விரட்டினால் ஓடும், அந்த ரோமத்தோடும் கொழுப்போடும் ஓடினால் உடம்பு சீக்கிரம் சூடாகிவிடும். நாலு படத்துக்காக அதன் ஒரு நாள் சாப்பாட்டைக் கெடுக்கிறோம். 2018 ஜூலையில் வடகோடியில் உள்ள ஏழு தீவுகள் பகுதியில், பயணிகள் இறங்கும் முன் கரையை நோட்டம் பார்க்கப் போன கப்பல் காவலர் ஒருவரைக் கரடி தாக்கியது. அவர் பிழைத்தார், கரடி சுடப்பட்டது. பாறைக்குப் பின்னால் ஒரு கரடி படுத்திருந்தால் நல்ல கண்ணுக்கும் தப்பும். மூடுபனியில் இறங்க மறுக்கும் வழிகாட்டியிடம் வாதம் பண்ணுவது இதனால்தான் முட்டாள்தனம். கரையில் துப்பாக்கி ஏந்தியவர்கள் வளையம் போட்டு நிற்பார்கள், அந்த வளையத்துக்குள்தான் நடக்க வேண்டும். "ஒரு நிமிஷம் அந்தப் பாறைக்குப் பின்னால் போய் வருகிறேன்" என்பது நடக்காது. கழிப்பறை வேலையைக் கப்பலிலேயே முடித்துவிட்டு இறங்குங்கள்.

என்னைக் கேட்டால் ஸ்வால்பார்டின் உச்சம் கரடி இல்லை, பனியாற்று முகப்பு. லிஃப்டெஃபியோர்டில் (ஃபியோர்டு என்றால் மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் குறுகிய கடற்பகுதி) மொனாக்கோ பனியாறு, கிராஸ்ஃபியோர்டில் லிலியஹூக் பனியாறு, இரண்டும் கடலில் வந்து முடியும் பல கிலோமீட்டர் நீளச் சுவர்கள். படகின் இன்ஜினை நிறுத்தினால் சுற்றிலும் மிதக்கும் பனித்துண்டுகள் எண்ணெய்ச் சட்டிபோலப் பொரியும். பனி கரையும்போது அதற்குள் அழுத்தத்தில் அடைபட்டிருந்த காற்று வெடித்து வெளியேறும் சத்தம் அது. சுவரின் அடியில் ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் பழுப்பாகக் கொப்பளித்து வரும். பனியாற்றுக்கு அடியில் ஓடும் உருகுநீர் அங்கேதான் மேலே வருகிறது. அதோடு சிறு உயிரிகளும் அள்ளி வரப்படுவதால் கிட்டிவேக் பறவைகள் நூற்றுக்கணக்கில் அங்கே மொய்க்கும். பறவைக் கூட்டம் திடீரென்று ஒட்டுமொத்தமாக எழுந்தால் சுவரைப் பாருங்கள், ஏதோ விழப்போகிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

இங்கேயும் தூரம்தான் விஷயம். நல்ல வழிகாட்டி 200 மீட்டருக்குள் போகமாட்டார். உயரமான முகப்பு என்றால் இன்னும் தள்ளி நிற்பார். மேலிருந்து விழும் துண்டு மட்டும் ஆபத்தில்லை. தண்ணீருக்கு அடியில் இருக்கும் பகுதி உடைந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் கீழிருந்து பீறிட்டு எழும், சுவருக்கு வெகு முன்னால்கூட. 2007 ஆகஸ்டில் ஹோர்ன் பனியாற்று முகப்புக்கு மிக அருகே போன ஒரு சிறு கப்பலில், பனி உடைந்து விழுந்து பலருக்குக் காயம். அலையைப் பற்றியும் தவறான பயம் உண்டு. ஆழமான நீரில் அந்த அலை ஒரு பெரிய ஏற்ற இறக்கமாகக் கடந்துவிடும். ஓட்டுநர் படகின் மூக்கை அதை நோக்கித் திருப்பி வைத்தால் போதும். ஆபத்து கரையோரத்தில்தான். ஆழம் குறையும் இடத்தில் அலை உயர்ந்து உடையும், கரையில் நிறுத்திய படகைப் புரட்டிப் போடும். அதனால் பனியாற்றுக்கு எதிரே கரையிறங்கினால் நீர்விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள், மேட்டில் நில்லுங்கள்.

அடுத்தது பயணத் திட்டம். "தீவைச் சுற்றி வருகிறோம்" என்று வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். வடகிழக்கே ஹின்லோபன் நீரிணை ஜூலை வரைகூடப் பனியால் அடைபட்டுக் கிடக்கலாம். காற்று திசை மாறினால் நேற்றுத் திறந்திருந்த வழி இன்று மூடியிருக்கும். நார்வே வானிலை நிறுவனம் வார நாட்களில் பனி வரைபடம் வெளியிடுகிறது, யாரும் பார்க்கலாம். சிவப்பு என்றால் மிக நெருக்கமான மிதவைப் பனி, சாம்பல் என்றால் கரையோடு ஒட்டிய பனி, நீலம் திறந்த நீர். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து இதைப் பார்த்து வந்தால் கேப்டன் எங்கே போவார் என்று நீங்களே ஓரளவு ஊகிக்கலாம். திட்டம் மாறியதற்காகப் பணம் திரும்பக் கேட்க முடியாது, ஒப்பந்தத்தில் அது எழுதியே இருக்கும்.

எந்த மாதம்? மே, ஜூனில் மலைகள் முழுக்க வெண்பனி, ஃபியோர்டுகளில் உறைபனி, கரடி பார்க்கும் வாய்ப்பு நல்லது, ஆனால் 500 மீட்டர் விதியும் அப்போதுதான். ஜூலை இறுதி, ஆகஸ்ட் தொடக்கம் சுற்றிவர ஏற்ற காலம். பறவைக்காகப் போகிறவர்கள் ஆகஸ்ட் பாதிக்கு மேல் போகாதீர்கள். ஹின்லோபனில் அல்கெஃபியெல் என்ற கருங்கல் செங்குத்துப் பாறையில் ஏறக்குறைய 60,000 ஜோடி கில்லமாட் பறவைகள் அடைகாக்கும். பறக்கத் தெரியாத குஞ்சுகள் அந்த உயரத்திலிருந்து கடலில் குதித்து, தகப்பன் பறவையோடு நீந்திப் போய்விடும். அது முடிந்தால் பாறை காலி, வெறும் எச்சமும் நாற்றமும்தான். ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 22 வாக்கு வரை லாங்யர்பியனில் சூரியன் மறைவதில்லை. கண்ணுக்கு மறைப்புத் துணி எடுத்துப் போங்கள்.

உடை விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு, தடிமனான ஒரே ஜாக்கெட்டை நம்புவது. ஜூலையில் வெப்பநிலை 2 முதல் 7 டிகிரிதான் இருக்கும், பயங்கரமில்லை. ஆனால் 2 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு மைனஸ் 5 போல உறைக்கும், ஓடும் ஸோடியாக்கில் அந்தக் காற்று எப்போதும் உண்டு. உள்ளே மெரினோ கம்பளி, நடுவே ஃப்ளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத உறை. பருத்தி வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. நீர்புகாத பேன்ட்டின் கால் பகுதி ரப்பர் பூட்ஸுக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளே சொருகினால் முதல் அலையிலேயே பூட்ஸ் நிறைந்துவிடும். கையுறை இரண்டு அடுக்கு: கேமராவை இயக்க மெல்லியது, அதற்கு மேல் தடித்தது. படகில் ஏறும்போது ஊழியரின் உள்ளங்கையைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டுக்கு மேல் முன்கையைப் பிடியுங்கள். ஈரக் கையுறை வழுக்கும், முன்கைப் பிடி நழுவாது. முதல் இறக்கத்துக்கு முன் பைகள், வெல்க்ரோ, பூட்ஸ் அடிப்பாகம் எல்லாவற்றையும் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். வெளியூர் விதை ஒன்று ஒட்டிக்கொண்டு போய் அங்கே முளைக்கக் கூடாது என்பதற்காக. சலிக்காமல் செய்யுங்கள்.

ஆய்வாளர்களின் ஊரான நீ-ஆலசுண்டில் நிறுத்தினால், அதைச் சுற்றி 20 கிலோமீட்டர் தூரத்துக்குள் வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைக்க வேண்டும். அங்குள்ள ஆய்வு அலைவாங்கிகள் மிக நுண்ணிய ரேடியோ அலைகளைக் கேட்கின்றன. 1926இல் துருவப் பயணி அமுன்ட்சனின் ஆகாயக் கப்பலைக் கட்டிவைத்த கம்பம் இன்றும் நிற்கிறது. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இந்த ஊரில்தான் இருக்கிறது. எதிரே காங்ஸ்ஃபியோர்டின் ஆழத்தில் 2014இல் இறக்கிய இன்ட்ஆர்க் அளவீட்டு மிதவை, நம்ம பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் கைவண்ணமும் சேர்ந்தது. கப்பல் வழிகாட்டிகள் பலர் அமுன்ட்சனோடு நிறுத்திவிடுவார்கள், நீங்களாகக் கேட்டால்தான் உண்டு.

விசா கதையைக் கவனமாகப் படியுங்கள். ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை. ஆனால் அது ஷெங்கன் பகுதிக்கு (ஒரே விசாவில் போகக்கூடிய, நார்வே உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள்) வெளியே. ஓஸ்லோ வழியாகப் போகும்போது ஒரு முறை, திரும்பும்போது இன்னொரு முறை ஷெங்கனுக்குள் நுழைகிறீர்கள். ஆகவே இரண்டு முறையாவது நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். ஒற்றை நுழைவு விசாவோடு போனால் திரும்பி வர வழியில்லாமல் நிற்பீர்கள். மூடுபனியில் லாங்யர்பியன் விமானங்கள் தாமதமாகும், பெட்டி பின்தங்கும், கப்பல் காத்திருக்காது. ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். சில விடுதிகளில் வாசலிலேயே ஷூவைக் கழற்றச் சொல்வார்கள், நிலக்கரிச் சுரங்கக் காலத்துப் பழக்கம். நமக்கு அது புதிதில்லை.

பணம்: பத்து நாள் பயணம் ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குறைவாகக் கிடைப்பது அரிது, விமானச் செலவு தனி. அதில் காப்பீட்டை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். லாங்யர்பியன் மருத்துவமனை சிறியது. பெரிய சிகிச்சை என்றால் நார்வே பெருநிலத்தில் உள்ள ட்ரோம்சோவுக்கு விமானத்தில் தூக்கிப் போக வேண்டும். கப்பல் வடகோடியில் இருந்தால் அதற்கு முன் ஹெலிகாப்டர் வேறு வர வேண்டும். மருத்துவச் செலவுக்கு மட்டும் பணம் தரும் பாலிசி இங்கே உதவாது. "அவசர மீட்பு, இடமாற்றம்" என்ற வரியும், பயணப் பகுதியில் ஸ்வால்பார்டின் பெயரும் பாலிசியில் அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பா என்று போட்டால் அதில் அடங்கும் என்று ஏஜென்ட் வாயால் சொன்னால் நம்ப வேண்டாம், காப்பீட்டு நிறுவனத்திடம் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.